கல்லீரல் நொதியின் உருவமைப்பைக் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டறிவது எப்படி

பெங்களூருக்கு ஆராய்ச்சிப் படிப்புக்காக வரும் தமிழ் மாணவர்களிடம் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் பற்றிப் பேச்செடுத்தால், அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "கருவியில் எனக்கு எப்போது நேரம் கிடைக்கும்?" என்பதுதான். அந்த ஆவல் இயல்பானது. பெல்லாரி சாலையில் ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் 300 கிலோவோல்ட் டைட்டன் கிரியோஸ் நுண்ணோக்கி ஆளுயரத்தைத் தாண்டி நிற்பதைப் பார்த்த எவருக்கும், தன்னுடைய புரதத்தை அதில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றாமல் இருக்காது. ஆனால் ஒரு நொதியின் உருவம் தெளிவாகக் கிடைக்குமா என்பது, மாதிரி அந்தக் கருவிக்குள் போவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் குளிர் அறையில் நடக்கும் வேலைக்கும் மாதிரியை ஏந்தும் சிறு வலையான கிரிட்டை உறையவைக்கும் வேலைக்கும் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கருவியை இயக்குவதைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

அடிப்படையை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். 300 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரானின் அலைநீளம் சுமார் 0.02 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு), இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான ஒற்றைப் பிணைப்பின் நீளம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம். அலைநீளத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அணுக்களைப் பார்ப்பதற்குத் தடையே இல்லை. தடை புரதத்தின் மென்மையில் இருக்கிறது. ஒரு சதுர ஆங்ஸ்ட்ராம் பரப்பில் மொத்தம் 40 முதல் 60 எலக்ட்ரான்கள் வரைதான் வழக்கமாகப் பாய்ச்சுகிறோம்; அதற்கு மேல் போனால் நுண்விவரங்கள் சிதைந்துவிடும், அதற்குள் நின்றால் ஒவ்வொரு படமும் இரைச்சலில் மூழ்கியிருக்கும். ஆகவே ஒரே நொதியின் லட்சக்கணக்கான பிரதிகளை மெல்லிய பனிப்படலத்தில் பரப்பிப் படமெடுத்து, அவற்றைக் கணினியில் திசைவாரியாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறோம். தண்ணீரைப் படிகமாக விடாமல் கண்ணாடியைப் போல உறையவைக்க 1980களின் தொடக்கத்தில் வழி கண்ட ழாக் துபோஷே, சராசரி எடுக்கும் கணித முறையை வகுத்த யோவாகிம் ஃபிராங்க், எலக்ட்ரான் படங்களிலிருந்து ஒரு புரதத்தின் அணு அமைப்பை 1990-இல் வெளியிட்ட ரிச்சர்ட் ஹெண்டர்சன் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

எந்த நொதியை எடுத்துக்கொள்வது?

கல்லீரல் இதற்கு வாய்ப்பான உறுப்பு. யூரியா ஆக்கம், குளுக்கோஸ் ஆக்கம், மதுவைச் சிதைத்தல், மருந்துகளை மாற்றி வெளியேற்றுதல் என்று பல வேலைகளை ஒரே வகைச் செல் செய்வதால், அதன் நொதிகள் பல பெரிய அளவில், நிறைய எண்ணிக்கையில் கிடைக்கின்றன. முதல் முயற்சிக்கு 150 கிலோடால்டனுக்கு (மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு) மேற்பட்ட, சமச்சீர் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேட்டலேஸ் நான்கு அலகுகள் சேர்ந்தது, மொத்தம் சுமார் 240 கிலோடால்டன். குளுட்டமின் சிந்தெட்டேஸ் மனிதரில் பத்து அலகுகள் கொண்டது. ஐந்தைந்தாக இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் ஐந்து இதழ்ப் பூவைப் போல் தெரியும். பைருவேட் கார்பாக்சிலேஸின் நான்கு அலகுகளும் சேர்ந்து 500 கிலோடால்டனைத் தாண்டும். சமச்சீரின் பயன் எளிமையானது: நான்கு ஒத்த அலகுகள் உள்ள நொதியின் ஒரு லட்சம் படங்கள், ஓர் அலகுக்கு நான்கு லட்சம் படங்களாகக் கணக்காகின்றன.

மருந்தியல் படித்தவர்கள் உடனே கேட்பது சைட்டோக்ரோம் பி450 3ஏ4 பற்றி. அது முக்கியமான நொதி என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அது 57 கிலோடால்டன் மட்டுமே உள்ள, எண்டோபிளாச வலையின் சவ்வில் ஒரே ஒரு சுருளால் நங்கூரமிட்டு நிற்கும், சமச்சீர் ஏதுமற்ற புரதம். 64 கிலோடால்டன் ஹீமோகுளோபினின் அமைப்பு 2017-இலேயே கிரையோ முறையில் கிடைத்துவிட்டது என்றாலும், அந்த அளவில் வேலை செய்ய நல்ல அனுபவம் வேண்டும். முதல் ஆண்டிலேயே அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான ஆலோசனை.

மாதிரி எங்கிருந்து வரவேண்டும்?

இரண்டு வழிகள் உண்டு. மனித நொதியின் மரபணுவை பாக்டீரியாவிலோ மனிதச் செல்வரிசையிலோ செலுத்தி நொதியை உற்பத்தி செய்வது முதல் வழி. தூய்மையும் அளவும் நம் கையில் இருக்கும். கல்லீரல் திசுவிலிருந்தே நேராகப் பிரித்தெடுப்பது இரண்டாவது. இதில் நொதி உடலில் எப்படி இருந்ததோ, அதன் வேதி மாற்றங்களோடும் பற்றியிருந்த சிறு மூலக்கூறுகளோடும் ஏறக்குறைய அப்படியே நம்மிடம் வருகிறது. மனிதக் கேட்டலேஸின் ஒவ்வோர் அலகும் ஒரு ஹீமையும் ஒரு என்.ஏ.டி.பி.ஹெச். மூலக்கூறையும் பிடித்துவைத்திருக்கும், அவையும் சராசரி எடுத்துக் கிடைக்கும் முப்பரிமாண உருவான அடர்த்தி வரைபடத்தில் தெரியும். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் யூவின் குழு 2021-இல் வெளியிட்ட முறை இந்த இரண்டாவது வழிக்குப் புதிய கதவைத் திறந்தது. பல புரதங்கள் கலந்த மாதிரியையே படமெடுத்து, கணினியில் வகைபிரித்து, ஒவ்வொன்றின் அமைப்பையும் தனித்தனியே மீட்டெடுக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். பின்னர் மனிதக் கல்லீரல் நொதிகளுக்கும் அதே முறையைக் கையாண்டார்கள்.

திசு வழியில் போவதென்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி, திசு கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், கல்லீரல் அழற்சி வைரஸ்களுக்கான பரிசோதனை ஆகிய மூன்றும் கையில் இருந்தால்தான் திசு ஆய்வகத்துக்குள் வரவேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளை ஒருமுறையாவது முழுவதும் படியுங்கள். அந்தத் திசு ஒரு மனிதருடையது என்ற நினைவு, வேலையில் கவனத்தைக் கூட்டும்.

திசுவை முதலில் குளிர்ந்த உப்புக் கரைசலில் நன்றாக அலசி இரத்தத்தைப் போக்குங்கள்; இல்லாவிட்டால் பின்னால் எங்கு பார்த்தாலும் ஹீமோகுளோபின்தான் இருக்கும். புரதச் சிதைப்பு நொதிகளைத் தடுக்கும் மருந்துகளைக் கலந்த பஃபரில் (அமில காரநிலையை மாறாமல் வைக்கும் கரைசல்), 4 டிகிரி செல்சியஸில் அரைத்து, படிப்படியாகச் சுழற்றுங்கள். புவியீர்ப்பைப் போல் 1,000 மடங்கில் உட்கருக்களும் உடையாத செல்களும் கீழே படியும்; 10,000 மடங்கில் மைட்டோகாண்ட்ரியா படியும்; 1,00,000 மடங்கில் ஒரு மணி நேரம் சுழற்றினால் மைக்ரோசோம்கள் எனப்படும் சவ்வுத் துணுக்குகள் படிந்து, கரையும் நொதிகள் மேல்நீரில் நிற்கும். இந்த ஒரு பிரிப்பே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. யூரியாச் சுழற்சியின் முதல் படியைச் செய்யும் கார்பமாயில் பாஸ்பேட் சிந்தெட்டேஸ் வேண்டுமென்றால் மைட்டோகாண்ட்ரியாவில் தேட வேண்டும். அங்கே அது ஏராளமாக இருக்கிறது. குளுட்டமின் சிந்தெட்டேஸோ கல்லீரல் முழுவதும் பரவியிருப்பதில்லை. கல்லீரல் நுண்மடலின் மையச் சிரையைச் சுற்றியுள்ள ஓரிரு அடுக்குச் செல்களில் மட்டுமே இருப்பதால், முழுத் திசுவை அரைத்தால் அது மற்றவற்றில் கரைந்து மறைந்துவிடும். கலவையில் எது அதிகமோ அதுவே படத்தில் முதலில் வரும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து மின்னேற்றவாரியாகப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றம், அதன்பின் அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் வடிப்பு. ஒவ்வொரு பகுதியையும் நொதிச் செயல்பாட்டுக்குச் சோதித்து, கொஞ்சத்தை நிறைநிரல் பகுப்பாய்வுக்கு அனுப்பி, எந்தெந்தப் புரதங்கள் எவ்வளவு இருக்கின்றன என்ற பட்டியலை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியல் பின்னால் பொன்னைப் போல உதவும். கல்லீரல் இரும்பைச் சேமிக்கும் உறுப்பு என்பதால் ஃபெரிட்டின் எப்படியும் உடன் வரும். 24 அலகுகள் சேர்ந்த, சுமார் 120 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள, இரும்பு மையம் கறுத்துத் தெரியும் அந்த உருண்டை பார்க்க அழகானது. கணினியும் அதையே முதலில் பிடிக்கும். அதைக் கண்டு, நம் நொதிதான் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடாதீர்கள்.

பஃபரைப் பற்றி ஒரு வார்த்தை. நான் மாணவனாக இருந்தபோது பாஸ்பேட் பஃபரில் வைத்திருந்த மாதிரியை அப்படியே, உறையவைக்கும் முன் சோதித்துப் பார்க்க இடும் யுரேனைல் அசிட்டேட் சாயத்தோடு சேர்த்துவிட்டேன். பாஸ்பேட்டும் யுரேனைலும் சேர்ந்து மணிமணியாகப் படிந்தன. ஒரு வாரம் அவற்றைப் புரதம் என்று எண்ணிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். டிரிஸ் அல்லது ஹெப்பிஸ் பஃபரில், பிஹெச் 7.4 முதல் 8 வரை, உப்பு 150 மில்லிமோலார் அளவில் வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கிளிசரால் இருந்தால் கடைசிப் படியில் நீக்கிவிடுங்கள். அது பனியில் புரதத்தின் மாறுபாட்டைக் குறைத்துப் படத்தை மங்கச் செய்யும்.

சாயம் ஏற்றிய கிரிட்டை 120 கிலோவோல்ட் கருவியில் பார்க்கும் படியைத் தாண்டிப் போக ஆசைப்படாதீர்கள். அரை மணி நேர வேலை அது. துகள்கள் ஒரே அளவில், தனித்தனியாக நிற்கின்றனவா, திரண்டுகிடக்கின்றனவா, உடைந்துகிடக்கின்றனவா என்ற மூன்று கேள்விக்கும் அங்கேயே விடை கிடைக்கும். இந்தப் படியில் உடைந்து தெரியும் நொதி, பனியில் முழுமையாகத் தெரியப்போவதில்லை.

கிரிட்டை உறையவைத்தல்

சுமார் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்பு அல்லது தங்க வலை. அதன்மேல் துளையிட்ட கார்பன் படலம். 1.2 மைக்ரான் துளையும் 1.3 மைக்ரான் இடைவெளியும் உள்ள வகை பெரும்பாலான நொதிகளுக்குப் பொருந்தும். மின்னொளிர்வுக் கருவியில் சில நொடிகள் வைத்தால் கார்பன் நீரை ஏற்கும் தன்மை பெறும். பிறகு ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 3 மில்லிகிராம் வரை செறிவுள்ள மாதிரியில் 3 மைக்ரோலிட்டரை விட்டு, ஒற்றுத்தாளால் 3 அல்லது 4 நொடிகள் ஒற்றி, திரவ நைட்ரஜனால் குளிர்விக்கப்பட்ட திரவ ஈத்தேனில் கிரிட் பாய்ந்து அமிழ வேண்டும். துளைக்குள் நிற்கும் படலம் 200 முதல் 500 ஆங்ஸ்ட்ராம் தடிமனுக்குள் இருக்க வேண்டும். தடித்தால் படம் மங்கும். மிகவும் மெலிந்தால் நொதி துளையின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டுவிடும்.

இதில் கை பழக வேண்டிய இடம் ஈத்தேன். திரவ நைட்ரஜன் கழித்தல் 196 டிகிரி செல்சியஸில் இருப்பது. ஈத்தேன் சுமார் கழித்தல் 183 டிகிரியிலேயே உறைந்துவிடும். கிண்ணத்தின் ஓரத்தில் வெண்மையான வளையம் மெல்லப் படரத் தொடங்கி, நடுவில் ஈத்தேன் தெளிவாக நிற்கும் அந்தச் சில நிமிடங்களே சரியான பதம். பாகு பதம் பார்ப்பது போலக் கண் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு கிரிட்டின் வெப்பநிலை எந்த நேரத்திலும் கழித்தல் 135 டிகிரிக்கு மேல் ஏறிவிடக் கூடாது. ஏறினால் கண்ணாடிப் பனி படிகமாகிவிடும், அந்த கிரிட்டை எறிவதைத் தவிர வழியில்லை.

பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை காற்றில் ஈரம் மிகுதி. திறந்துவைத்த நைட்ரஜன் குடுவையில் ஐந்து நிமிடத்துக்குள் பனித்தூள் மிதக்கத் தொடங்குவதைப் பார்க்கலாம். அந்தத் தூள்தான் கிரிட்டின்மேல் ஒட்டிக் கறுந்திட்டுகளாகப் படத்தில் வரும். அறையில் ஈரம் உறிஞ்சும் கருவியை முந்தைய இரவே ஓடவிடுங்கள். நைட்ரஜனை வடிகட்டியே ஊற்றுங்கள். இடுக்கிகளை ஒவ்வொரு முறையும் சூடான காற்றில் முழுவதும் உலர்த்துங்கள். குடுவைமீது மூச்சு விடாமல் முகக்கவசம் அணியுங்கள். மார்ச் மாதத்தில் எடுத்த கிரிட்டுகள் சுத்தமாக இருந்தன என்பதற்காக ஆகஸ்டிலும் அதே பழக்கத்தோடு போகக் கூடாது.

காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு நொதிக்குப் பெரும் பகை. உறைவதற்கு முன்பான சில நொடிகளில் ஒவ்வொரு துகளும் பலமுறை அந்தப் பரப்பில் மோதி, அங்கேயே ஒட்டி, சில வேளை விரிந்து சிதைகிறது. சிதையாவிட்டாலும் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டு படுத்துவிடுகிறது. குளுட்டமின் சிந்தெட்டேஸின் ஐந்து இதழ் முகம் மட்டுமே ஆயிரக்கணக்கில் தெரிந்து பக்கவாட்டுத் தோற்றம் ஒன்றுகூட இல்லையென்றால், காரணம் இதுவே. உறையவைப்பதற்குச் சற்று முன்பு 8 மில்லிமோலார் சாப்ஸோ போன்ற சவர்க்காரத்தைச் சேர்ப்பது, மெல்லிய கிராஃபீன் ஆக்சைடு படலத்தை இடுவது, கிரிட்டை 30 டிகிரி சாய்த்துப் படமெடுப்பது ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும். இவற்றில் சவர்க்காரத்தையே நான் முதலில் முயல்வேன். செலவில்லாதது, அன்றே முடிவு தெரிந்துவிடும்.

படமெடுத்தலும் கணக்கிடுதலும்

200 கிலோவோல்ட் கருவியில் நல்ல கிரிட்டைத் தேர்ந்த பிறகே 300 கிலோவோல்ட் கருவிக்குப் போங்கள். படப்புள்ளி ஒன்றுக்கு ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவில் எடுத்தால், கோட்பாட்டின்படி 2 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் தெளிவு கிடைக்காது என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். குவியத்தை 0.8 முதல் 2.5 மைக்ரான் வரை விலக்கி, ஒவ்வொரு படத்தையும் பல சட்டங்கள் கொண்ட குறும்படமாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான குறும்படங்கள் சேரும். அவை பல டெராபைட் இடம் பிடிக்கும். வட்டுகளை முன்பே ஏற்பாடு செய்யாமல் வருபவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன்.

கணக்கின் படிகள் இப்போது நன்கு வகுக்கப்பட்டவை: அசைவைத் திருத்துதல், குவிய விலகலை அளத்தல், துகள்களைப் பொறுக்குதல், இருபரிமாண வகைப்பாடு, முப்பரிமாணத் தொடக்க வடிவம், செம்மையாக்கம். ரெலியான், கிரையோஸ்பார்க் என்ற இரண்டு நிரல்களில் எதிலும் செய்யலாம். கலவை மாதிரியில் நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இருபரிமாண வகைப்பாடு. முதல் சுற்றில் ஃபெரிட்டின் உருண்டைகளைத் தனியே ஒதுக்குங்கள். மீதியை அளவுவாரியாகவும் வடிவவாரியாகவும் குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவையும் சமச்சீர் எதையும் திணிக்காமல் முதலில் கட்டிப்பாருங்கள். சமச்சீர் உண்மையாகவே இருந்தால் அது தானாகத் தெரியும். தெரிந்த பிறகு அதைப் பயன்படுத்துங்கள்.

தெரிந்த ஓர் அமைப்பை வார்ப்பாகக் கொடுத்துத் துகள் பொறுக்கும்போது மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். வெறும் இரைச்சல் படங்களை ஐன்ஸ்டைனின் முகத்தோடு பொருத்திச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டைனின் முகமே கிடைக்கும் என்பது இத்துறையில் நிரூபித்துக் காட்டப்பட்ட பாடம். தரவை இரண்டு பாதிகளாகப் பிரித்து, ஒன்றையொன்று தொடாமல் செம்மையாக்கி, இரண்டும் 0.143 என்ற ஒப்புமை அளவு வரை ஒத்துப்போகும் இடத்தைத் தெளிவு எனச் சொல்வதும் இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்கவே. அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள், கண்ணாலும் பாருங்கள். 8 ஆங்ஸ்ட்ராமில் சுருள்கள் குழாய்களாகத் தெரியும், 4.5-இல் இழைகள் பிரியும், 3.5-இல் பக்கக் கிளைகள் முளைக்கும், 2.5-இல் நீர் மூலக்கூறுகள் புள்ளிகளாக வரும், 2-க்குக் கீழே ஃபீனைல் வளையத்தின் நடுத்துளை தெரியும். 3 ஆங்ஸ்ட்ராம் என்று எண் சொல்லும் வரைபடத்தில் பக்கக் கிளைகளே இல்லையென்றால் எங்கோ பிழை இருக்கிறது. ஆல்பா சுருள்கள் வலக்கைத் திருகாக இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். கணினி சில வேளை கண்ணாடிப் பிம்பத்தைத் தந்துவிடும்.

இது எந்த நொதி?

திசுவிலிருந்து வந்த மாதிரியில் மிகவும் சுவையான கட்டம் இதுவே. வரைபடம் தெளிவாக இருக்கிறது, பெயர் தெரியவில்லை. தெளிவான ஒரு பகுதியில் 25 அல்லது 30 அமினோ அமிலங்கள் நீளத்துக்கு முதுகெலும்புச் சங்கிலியை வரைந்து, ஒவ்வொரு பக்கக் கிளையையும் பெரியது, நடுத்தரம், சிறியது, இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். டிரிப்டோபனும் டைரோசினும் பருத்துத் தெரியும். கிளைசின் இருக்கும் இடத்தில் கிளையே இருக்காது. அந்த வரிசையை நிறைநிரல் தந்த பட்டியலோடு ஒப்பிட்டால், பெரும்பாலும் ஒரே ஒரு நொதி மட்டுமே பொருந்தி நிற்கும். இதைத் தானாகச் செய்யும் கிரையோஐடி, மாடல்ஆஞ்செலோ போன்ற நிரல்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஒருமுறையாவது கையால் செய்துபாருங்கள்.

நெருங்கிய உறவுள்ள நொதிகளில் தனிக் கவனம் வேண்டும். மது சிதையும்போது வரும் அசிட்டால்டிஹைடை மாற்றும் மைட்டோகாண்ட்ரியா நொதியான ஏ.எல்.டி.ஹெச்.2-உம், செல்நீரில் இருக்கும் ஏ.எல்.டி.ஹெச்.1ஏ1-உம் நான்கு அலகுகள் கொண்டவை, அலகுக்குச் சுமார் 500 அமினோ அமிலங்கள் உள்ளவை, வரிசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒன்றே. இருபரிமாணப் படத்தில் இரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டும் வேறுபடும் இடங்களில் பத்துப் பதினைந்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் வரைபடம் எந்தக் கிளையை ஆதரிக்கிறது என்று பார்த்து எழுதிவைத்தால்தான் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும். எதிர்மின் தன்மையுள்ள அஸ்பார்ட்டேட், குளுட்டமேட் கிளைகள் எலக்ட்ரான் வரைபடத்தில் மங்கியோ மறைந்தோ போவதால், அந்த இடங்களைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெயர் தெரிந்ததும், அமினோ அமில வரிசையிலிருந்து புரத உருவைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு நிரலின் கணிப்பை வரைபடத்தில் பொருத்தி, கூட் நிரலில் ஒவ்வோர் அமினோ அமிலமாக நடந்து திருத்தி, ஃபீனிக்ஸில் செம்மையாக்கலாம். கணிப்பு அழகாக இருக்கிறது என்பதற்காக வரைபடத்தில் அடர்த்தி இல்லாத சங்கிலி வளைவுகளை விட்டுவைக்காதீர்கள். அடர்த்தி இல்லாத இடத்தில் நாம் கட்டும் அணு மாதிரியும் இருக்கக் கூடாது. முதுகெலும்புக் கோணங்களைச் சரிபார்க்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் இராமச்சந்திரன் வரைபடம் 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் வெளியிட்டது. அதே இராமச்சந்திரன்தான் பின்னர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். நம் ஊரில் பிறந்த அந்த அளவுகோலில் விலகி நிற்கும் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே சென்று பாருங்கள். சில விலகல்கள் உண்மையானவை. செயல்மையத்தில் இறுக்கமாக வளைந்த ஓர் அமினோ அமிலம் நொதியின் வேலைக்கே தேவையாக இருக்கலாம். அடர்த்தி தெளிவாக ஆதரித்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, காரணத்தைக் குறிப்பில் எழுதுங்கள்.

செயல்மையத்தில் அடையாளம் தெரியாத அடர்த்தித் துண்டு ஒன்று கடைசியில் எஞ்சும். அதற்கு ஒரு பெயர் கொடுக்க மனம் துடிக்கும். வடிவம், சுற்றியுள்ள அமினோ அமிலங்கள், நொதியின் அறியப்பட்ட வினை மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே மூலக்கூறை வையுங்கள். இல்லையென்றால் அடையாளம் காணப்படாத அடர்த்தி என்றே பதிவு செய்யுங்கள். வரைபடத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கித் தரவு வங்கியிலும், அணு மாதிரியைப் புரதத் தரவு வங்கியிலும் ஒப்படைக்கும்போது இரண்டு பாதி வரைபடங்களையும் முகமூடிக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். மூலப் படங்களை எம்பியார் தரவகத்துக்கு ஏற்றுங்கள். நீங்கள் ஒரு நொதியைத் தேடி எடுத்த அந்தக் கல்லீரல் படங்களில், நீங்கள் ஒதுக்கிவைத்த துகள்களிலிருந்து வேறொரு நொதியின் உருவை இன்னொரு மாணவர் எடுக்கக்கூடும்.